இருட்டிலும் குமிழ்ந்த பொடி

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு "வெயில் மேடம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே வெறும் மேடம், தலை மறைந்ததும் வெயில் மேடம். மற்றவர்கள் நிழல் பார்த்து வண்டியை நிறுத்துகிற இடத்தில் அவள் வெயில் பார்த்துக் கண்ணாடிக் குடுவையை நிறுத்துவாள். அந்தப் பெயர் காதுக்கு வந்தபோது அவள் கோபப்படவில்லை. பக்கத்து அறையில் பசையைப் பற்றி ஆராய்கிறவருக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதோடு ஒப்பிட்டால் வெயில் எவ்வளவோ தேவலை.

அவள் வேலையைச் சொல்வது சுலபம். மஞ்சள் நிறத்தில் மாவு மாதிரி ஒரு பொடி. அதைத் தண்ணீரில் கலக்கி வெளிச்சத்தில் வைத்தால், வெளிச்சத்தின் பலத்தைக் கொண்டு அது தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயுவைப் பிரித்துத் தர வேண்டும். அந்த வாயு நல்ல எரிபொருள். எரிந்தால் கரியும் இல்லை, புகையும் இல்லை, மறுபடியும் தண்ணீர்தான். செய்வதுதான் பெரும்பாடு. பொடி பரம சோம்பேறி. பகல் முழுக்க வெளிச்சம் காட்டினால், சாயங்காலம் மனசே இல்லாமல் ஊசிமுனை அளவு வாயுவைக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாது. வாயுவை அளக்கும் கருவி, திரையில் ஒரு சின்னக் கோடாகக் காட்டினால்தான் உண்டு. அந்தக் கோட்டை நம்பி அவள் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். தலையில் பாதி அங்கேயே நரைத்தது.

வீட்டில் அவள் கணவர் பல் மருத்துவர், நிதானமான மனிதர். மாடி வீட்டில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தனுக்குக் கார் விற்கும் வேலை, வாயும் அதற்கேற்ற வாய். "எங்க அண்ணி தண்ணியில கார் ஓட்டப் போறாங்க" என்று வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அப்படியானால் அதுவரை பொறுத்திருந்து அந்தக் காரையே வாங்கிக்கொள்கிறோம் என்று சிலர் கிளம்பிப் போனதுகூட உண்டு. அதற்கும் அவன் அண்ணியைத்தான் குறை சொன்னான், சீக்கிரம் முடிக்கவில்லையாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பொடிக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்தது.

பொடியின் மேல் நிக்கல் துகள்களை ஒட்ட வைத்தால் அது கொஞ்சம் சுமாராக வேலை செய்யும். ஒட்ட வைக்க ஒரு வெள்ளை மருந்தைச் சேர்ப்பாள், போரோஹைட்ரைடு என்று பெயர். ஒட்டியபின் அந்த மருந்து போகும்வரை பொடியைத் தண்ணீரில் அலசித் தள்ள வேண்டும். அலசுகிற ஒவ்வொரு தடவையும் பொடியில் ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து ஓடிவிடும். கைப்பிடி பொடியில் ஆரம்பித்தால் கடைசியில் சிட்டிகைதான் மிஞ்சும். அவளுக்கு அலுத்துப்போயிற்று. ஒருநாள் தண்ணீருக்குப் பதிலாக எரிசாராயத்தில் லேசாக அலசிப் பார்த்தாள். பொடி ஓடவில்லை. அதைக் குடுவையில் போட்டு விளக்கைப் போட்டாள்.

குமிழி வந்தது. கருவி வேண்டாம், பூதக்கண்ணாடி வேண்டாம், வாசலில் நின்று பார்த்தாலே தெரிகிற குமிழி. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குடுவைக்குள் சரம்சரமாக ஏறியது. திரையில் கோடு மேல் விளிம்பைப் போய் முட்டியது. அன்று அவள் கால் தரையில் பாவவில்லை. பசைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். அவரும் நல்ல மனிதர், தன் வேலையைப் போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரை எழுதினாள். ஒரு நல்ல ஆய்விதழ் ஏற்று வெளியிட்டது.

இயக்குநர் காதுக்கு விஷயம் போயிற்று. அவர் ஒரு காலத்தில் கெட்டிக்கார வேதியியலாளர். ஆனால் அவர் கை குடுவையைப் பிடித்து வெகுகாலமாகிவிட்டது. இப்போது அது பிடிப்பதெல்லாம் பூங்கொத்தும் மைக்கும் ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோலும். இத்தனை வருஷத்தில் அவள் கோடுகளைக் காட்டியபோதெல்லாம் "வெரி குட், தொடர்ந்து பண்ணுங்க" என்று கடிகாரத்தைப் பார்த்தவர், குமிழியைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குமிழியைப் படம் பிடிக்கலாம். குமிழியை அமைச்சருக்குக் காட்டலாம். அந்த வாரமே பத்திரிகைகளுக்குச் செய்தி போயிற்று. சூரியனும் தண்ணீரும் கைகோத்துவிட்டன, எரிபொருள் பஞ்சம் இனிப் பழங்கதை. அமைச்சரே நேரில் வந்து மொட்டை மாடியில் பார்ப்பதாக நாளும் குறித்தாயிற்று.

விழாவுக்கு முன்னால் ஒருநாள் காலை, மேடைப் பின்னணித் துணியில் சூரியன் சிரிக்க வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா என்று பேச ஒரு கூட்டம். அவளும் போக வேண்டியதாயிற்று. போகும் முன் குடுவையில் புதுப் பொடியைப் போட்டு, ஜன்னல் திரையை இறக்கி, விளக்கைப் போட்டுவிட்டுத்தான் போனாள். சூரியன் சிரிக்க வேண்டும் என்று முடிவாகி அவள் திரும்பியபோது அறை கும்மிருட்டாக இருந்தது. விளக்கு செத்துப்போயிருந்தது. அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அது அணைந்திருந்ததை, விளக்கெரியும் நேரத்தையும் குறித்துவைக்கிற கருவி பதிவு செய்திருந்தது.

ஆனால் ஹைட்ரஜன் கோடு தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் கருவிமேல் சந்தேகப்பட்டாள். சோதித்தாள், கருவி சரி. இன்னொரு குடுவையில் கொஞ்சம் பொடியைப் போட்டு, அலுமினியத் தாளால் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, அதிலிருந்து கருவிக்குக் குழாய் இழுத்துப் பார்த்தாள். அதிலும் கோடு ஏறியது. பொடிக்கு வெளிச்சம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. வெள்ளை மருந்து போகவே இல்லை. எரிசாராயத்துக்கு அதை முழுசாக அலசி எடுக்கிற சக்தி கிடையாது. தண்ணீரும் நிக்கலும் சேர்ந்தால் அந்த மருந்து தானாகவே ஹைட்ரஜனைக் கக்கும், சூரியன் உதித்தாலும் உதிக்காவிட்டாலும். மருந்து தீர்ந்ததும் வாயைப் பொத்திக்கொள்ளும். ஆக, மருந்துப் புட்டியில் வந்த ஹைட்ரஜனைப் பொடிக்குள் ஒளித்து வைத்து, தானே அதை வெளியே எடுத்து, ஐயோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஊரைக் கூட்டியிருக்கிறாள்.

இருட்டில் வைத்துப் பார்க்கிற சோதனை இந்தத் துறையில் கைப்பழக்கம். பழைய சோம்பேறிப் பொடிக்கு அதை அவள் தவறாமல் செய்திருந்தாள். புதுப் பொடிக்குச் செய்யவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். முடிவு கெட்டதாக இருந்திருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பாள். நல்லதாக இருந்ததால் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பல் மருத்துவர்களுக்கு எதிராளி பேச முடியாத நிலையில் தாங்கள் பேசித்தான் பழக்கம் என்றாலும், இவர் விதிவிலக்கு.

"யார்கிட்ட சொல்லணும்?" என்றார்.

"டைரக்டர்கிட்ட. அப்புறம் ஆய்விதழுக்கு எழுதணும். எல்லாருக்கும் தெரியணும்."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் மத்தவங்ககிட்ட சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். பயப்படாதீங்க, வாயைத் திறங்க. உனக்கும் அதையேதான் சொல்றேன்."

"வலிக்குமா?"

"வலிக்கும். உள்ளேயே வெச்சுக்கிட்டா இன்னும் வலிக்கும்."

மறுநாள் காலை இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் ஜன்னலருகே நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். விழா நாளன்று மேகமூட்டம் என்று வானிலை அறிவிப்பில் சொல்லிவிட்டார்களாம். முகத்தில் ஈயாடவில்லை. அவள் விளக்கு அணைந்த கதையை முதலிலிருந்து சொன்னாள், வரைபடங்களை மேசைமேல் பரப்பினாள், பீரோவுக்குள் வைத்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. அவள் எதிர்பார்த்த பக்கம் மாறவில்லை. வெளுத்திருந்த முகத்தில் ரத்தம் ஏறி, கடைசியில் புன்னகையே வந்துவிட்டது.

"அப்போ மேகமா இருந்தாலும் குமிழி வரும்னு சொல்றீங்க" என்றார்.

"வரும் சார். ஆனா அது பொடி தர்ற ஹைட்ரஜன் இல்லை. கழுவாம விட்டுப்போன மருந்து."

"மழை பெய்தா?"

"சார், நான் சொல்றது உங்களுக்குப் புரியலை. வெளிச்சத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. மருந்து தீர்ந்ததும் நின்னு போயிடும்."

"எல்லாம் ஒருநாள் தீரத்தான் செய்யும் மேடம்" என்று அவர் பெருமூச்சு விட்டார். "சூரியனே ஒருநாள் தீர்ந்துபோகும்னு சொல்றாங்க. அதுக்காக நாம விழாவைத் தள்ளிப்போட முடியுமா?"

அவள் விடவில்லை. எழுத்தில் கொடுத்தாள். அதைப் பரிசீலிக்க அவர் ஒரு குழுவைப் போட்டார். குழுவில் பசைக்காரரைச் சேர்க்கவில்லை, அவருக்கு வேதியியல் தெரியும். சேர்த்ததெல்லாம் நிர்வாகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களை. குழு ஒரு நாள் முழுக்கக் கூடிப் பேசி, அவள் சொன்னதில் உண்மை இருப்பதாக ஒப்புக்கொண்டது. ஆகவே திட்டத்தின் பெயரை மாற்றிவிடலாம் என்று பரிந்துரைத்தது. "ஒளியில் இயங்கும் வினையூக்கி" என்பது இனி "ஒளியிலும் இயங்கும் வினையூக்கி". ஒரே ஒரு 'உம்' சேர்த்ததில் பிழை திருந்திவிட்டதாம். அந்த 'உம்' விழாத் துணியில் இடிக்காமல் அமைய, சிரிக்கிற சூரியனைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்த வேண்டியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. வாயால் சொன்னால் இவர்கள் காதில் ஏறாது. கண்ணால் காட்டிவிட வேண்டும். எல்லோருக்கும் முன்னால், மறுக்க முடியாதபடி.

விழா நாளன்று வானம் அழுக்குப் போர்வை மாதிரி கிடந்தது. மொட்டை மாடியில் நாற்காலி வரிசைகள், முன்வரிசையில் அமைச்சரும் அவர் பரிவாரமும். கொழுந்தன் தன் மேலாளரோடு வந்து நடுவில் உட்கார்ந்திருந்தான். கணவர் கடைசி வரிசையில். மேசைமேல் குடுவை. அதிலிருந்து வரும் வாயுவை மின்சாரமாக்க, தீப்பெட்டி அளவில் ஒரு மின்கலம். மின்கலத்தோடு இணைத்த கையகல விசிறி. பொடியைத் தண்ணீரில் போட்டதும் குமிழி சீறிக் கிளம்பியது, விசிறி சுழன்றது. வெயில் ஒரு துளிகூட இல்லை என்பதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை.

அவள் மைக்கை வாங்கினாள். பக்கத்தில் தயாராக வைத்திருந்த கனமான கறுப்புத் துணியை எடுத்துக் குடுவையை அடியோடு மூடினாள்.

"இப்ப இந்தப் பொடிக்கு வெளிச்சமே கிடையாது" என்றாள். "இது நிஜமாவே வெளிச்சத்துல வேலை செய்ற பொடியா இருந்தா, கொஞ்ச நேரத்துல விசிறி நிக்கணும். நிக்குதான்னு எல்லாரும் பாருங்க."

மாடியே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இயக்குநர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். விசிறி சுழன்றது. காத்திருந்தார்கள். இன்னும் சுழன்றது.

"நிக்கலை, பாத்தீங்களா?" என்றாள் அவள்.

கைதட்டல் இடி மாதிரி எழுந்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். கொழுந்தன் மேலாளரைத் தோளில் தட்டி, பிறகுதான் யாரைத் தட்டினோம் என்று உணர்ந்து கையை இழுத்துக்கொண்டான். அமைச்சர் வியப்பு தாங்காமல் மேசையருகே வந்தார்.

"அப்போ ராத்திரியிலயும் ஓடும்?"

"ஓடும் ஐயா. அதுதான் பிரச்சினையே."

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் பாய்ந்து வந்து மைக்கைப் பதமாக அவள் கையிலிருந்து உருவினார். "எங்க மேடம் எப்பவும் இப்படித்தான். சாதனையைக்கூடப் பிரச்சினைன்னுதான் சொல்வாங்க. அவ்வளவு தன்னடக்கம்." அவள் மருந்தைப் பற்றிச் சொன்னது மைக் இல்லாமல் முதல் வரிசையோடு நின்றுவிட்டது. முதல் வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டுவதில் தேர்ந்தவர்கள், தலையாட்டினார்கள்.

அமைச்சர் பேச ஆரம்பித்தார். வெயிலே இல்லாமல் வெயிலால் இயங்குகிற முதல் கருவியைத் தன் கண்ணால் பார்த்துவிட்டதாகச் சொன்னார். தங்கள் ஆட்சியும் அப்படித்தான், இரவு பகல் பாராமல் உழைக்கிறது என்றார். பேச்சு நீண்டது. அதற்குள் மருந்து தீர்ந்துகொண்டு வந்தது. விசிறி தளர்ந்தது, ஒவ்வொரு இறக்கையாக எண்ணலாம் போல் ஆயிற்று, நின்றேவிட்டது. இதோ, யாராவது பார்ப்பார்கள், யாராவது கேட்பார்கள் என்று முகம் முகமாகத் தேடினாள். எல்லோரும் அமைச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் கணவர் மட்டும் விசிறியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அப்போது மழைக்கு முன் வீசுகிற காற்று மாடியில் புகுந்தது. சிரிக்கிற சூரியன் படபடத்தது. விசிறி மெல்ல அசைந்து, பிறகு வேகம் பிடித்து, நேர்மாறான திசையில் சுழல ஆரம்பித்தது. "அப்படியே, அப்படியே" என்று புகைப்படக்காரர் ஓடிவந்தார். அமைச்சர் விசிறியைச் சுட்டிக் காட்டினார், இயக்குநர் அமைச்சரைச் சுட்டிக் காட்டினார், அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் எல்லோரையும்விட மகிழ்ச்சியாகத் தெரிந்தவள் அவள்தான். "சாதனையாளரின் பூரிப்பு" என்று அடியில் போட்டிருந்தார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்த கையோடு அவள் ஆய்விதழுக்கு எழுதினாள். சுற்றி வளைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. பொடியைச் சரியாகக் கழுவவில்லை, இருட்டில் சோதிக்கவில்லை, வந்த வாயு மருந்திலிருந்து வந்தது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். ஆய்விதழ்க்காரர்கள் நன்றி சொல்லி அதை அவள் பெயரிலேயே அறிவிப்பாக வெளியிட்டார்கள்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கத்துவார் என்று நினைத்துப் போனாள். அவர் கத்தவில்லை, மனம் நொந்தவராக இருந்தார். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். சொன்னேனே, நீங்கள்தான் மழை பெய்தாலும் ஓடுமா என்று கேட்டீர்கள் என்றாள். அவருக்கு அது ஞாபகத்துக்கு வந்தது போலத்தான் இருந்தது. மேசைமேலிருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிவிட்டு, அவளைப் போன்றவர்கள் கூச்சல் குழப்பத்திலிருந்து விலகி அமைதியாக ஆராய வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்ததாகச் சொன்னார்.

அடுத்த மாதம் அவளுக்குத் தனி ஆய்வகம் கிடைத்தது. கட்டடத்தின் நிலவறையில், உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. வாசலில் "சூரிய ஒளி ஆய்வகம்" என்று பித்தளைப் பலகை மாட்டி, இயக்குநரே வந்து ரிப்பன் வெட்டினார். அந்த வருஷ அறிக்கையில் அவளுடைய கட்டுரையை ஒரு வெளியீடாகவும், அதைத் திரும்பப் பெற்ற அறிவிப்பை இன்னொரு வெளியீடாகவும் கணக்குக் காட்டியிருந்தார்கள். அவளுடைய உற்பத்தித் திறன் இரு மடங்காகிவிட்டதாம். கொழுந்தன் சில நாள் அவளோடு பேசாமல் இருந்தான். பிறகு வாடிக்கையாளர்களிடம், தண்ணீர் கார் தயார்தான், கழுவுவதில்தான் சின்னச் சிக்கல் என்று சொல்ல ஆரம்பித்தான். அவன் வாயிலிருந்து வந்ததில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் போனது அதுதான்.

நிலவறையில் அவள் பொடியைத் தண்ணீரில் கழுவினாள். தண்ணீர் சுத்தமாகும்வரை, மருந்து ஒரு சொட்டுகூட இல்லை என்று சோதனை சொல்லும்வரை. பாதிக்கு மேல் ஓடிப்போயிற்று, போகட்டும் என்று விட்டாள். மிஞ்சியதை விளக்கின் கீழ் வைத்தாள். குமிழி இல்லை. ஆனால் திரையில் கோடு தலை தூக்கியது. பழைய பொடியைவிடக் கொஞ்சம், நிஜமாகவே கொஞ்சம், அதிகம். இந்தத் தடவை சூடான தண்ணீரில் அலசியதில் நிக்கல் நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று அவள் யாரையும் கையைப் பிடித்து இழுத்துவரவில்லை. தானே நாலைந்து தடவை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள்.

ஒருநாள் மத்தியானம் இயக்குநர் தனியாகப் படியிறங்கி வந்தார். பூங்கொத்து இல்லை, ஆட்கள் இல்லை. சும்மா இந்தப் பக்கமாக வந்ததாகச் சொன்னார். நிலவறைக்குச் சும்மா வருகிற பக்கம் எதுவும் கிடையாது.

"இது என்ன கோடு?" என்றார்.

அவள் சொன்னாள். அவர் வரைபடத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெகுநேரம் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை.

"இதை வெச்சு ஒரு விசிறி ஓட்டலாமா?"

"ஈ இறக்கையைக்கூட ஓட்ட முடியாது சார்."

"அப்போ யாராவது வந்தா எதைக் காட்டுவீங்க?"

"விளக்கை அணைச்சா நின்னுடும். அதைக் காட்டுவேன்."

"நிக்கிறதைப் பாக்க யாரு வருவாங்க?" என்றார். ஆனால் கிளம்பவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் அணைக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவள் சுவிட்சைக் காட்டினாள். அவரே அணைத்தார். இருட்டில் திரையின் வெளிச்சம் மட்டும் இருவர் முகத்திலும் விழுந்தது. கருவி அடுத்த தடவை அளந்தது, அதற்கடுத்த தடவையும் அளந்தது. கோடு ஏறவில்லை. மட்டமாகப் படுத்துவிட்டது.

"நின்னுடுச்சு" என்றார் இயக்குநர். அவர் குரல் என்னவோ போலிருந்தது. எந்த மைக்கிலும் கேட்டிராத குரல்.

"ஆமா சார்."

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எங்கோ மாநாடாம், ஹைட்ரஜனைப் பற்றி அவர்தான் தலைமை உரையாற்ற வேண்டுமாம். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பேசிக்கொண்டே படியேறினார். படிக்கட்டின் திருப்பத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழைய குரல் திரும்பி வந்தது.

"ஆமாங்க, ஆமாங்க" என்று மேலேயிருந்து கேட்டது. "ராத்திரியிலயும்தான்."

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.